முகத்துக்கும் மூடாக்குதான்

"அக்கா, நீங்க சொன்ன எண்ணெயைத்தான் தினம் ராத்திரி போட்டேன். பாருங்க, எப்படி ஆயிடுச்சுன்னு."

முகத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள் அந்தப் பெண். இரண்டு கன்னத்திலும் தாடையிலும் சிவப்பாகப் பருக்கள் பொரிந்திருந்தன. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே ஞாயிற்றுக்கிழமைக் கடையில்தான், "பனிக்கு முகம் இழுக்குதுக்கா" என்று கேட்டவளுக்கு, "க்ரீமையெல்லாம் தூக்கிப் போடும்மா, நம்ம செக்குத் தேங்காயெண்ணெய் போதும்" என்று அரை லிட்டர் பாட்டிலை எடுத்து நீட்டியிருந்தேன். காசும் வாங்கியிருந்தேன்.

இது நடந்து மூணு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "பரவால்லக்கா, நீங்க வேணும்னா பண்ணீங்க" என்று சொல்லிவிட்டுக் கீரை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். அது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எனக்கு வீடு பட்டாபிராமில். நிலம் வேப்பம்பட்டுக்கு வடக்கே ஒன்றரை ஏக்கர். (ஊர்ப் பெயரிலேயே வேம்பு இருக்கிறது. மனைப்பிரிவு போடப் போட மரங்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.) சம்பா அறுத்ததும் மாசியில் எள் விதைப்போம். மேட்டு நிலத்தில் மணிலா, அதாவது நிலக்கடலை. வரப்பு ஓரம் ஆமணக்கு. இந்தப் பக்கத்து உழவர்கள் ஏழு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூரில் கடை போடுகிறோம். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் தொழிற்பேட்டையிலும் அங்கே வந்திருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்கள். நாள் முழுக்க ஏசிக் காற்று. வீட்டுக்குப் போனால் சோப்பு நுரைக்காத உப்புப் போர்த்தண்ணீர். மார்கழி, தை வந்தால் முகம் வெள்ளையாகப் பூத்துவிடும். சிரித்தால் உதட்டோரம் வெடிக்கும். அப்போது ஆரம்பிக்கும் கேள்வி: "முகத்துக்கு எந்த எண்ணெய் நல்லது?"

நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன், தேங்காயெண்ணெய். அப்போது கையில் விற்க இருந்ததும் அதுதான், இதை ஏன் மறைக்க வேண்டும். மண்ணைப் பார்க்காமல் எல்லா நிலத்துக்கும் ஒரே உர மூட்டையை நீட்டும் கடைக்காரரை நாம் எவ்வளவு திட்டியிருக்கிறோம்! அதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

தோலும் மண்ணும்

அந்தப் பெண்ணை ஓர் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "எந்த எண்ணெயும் தோலுக்குத் தண்ணி குடுக்காதும்மா. உள்ள இருக்கிற தண்ணி வெளிய போயிடாம மூடி வைக்கும், அவ்வளவுதான். காஞ்சுபோன தோல்மேல எண்ணெயைத் தடவினா காஞ்சது காஞ்சபடியே மேல பளபளன்னு இருக்கும்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இது மூடாக்கு! ஈரம் இருக்கும் நிலத்தில் மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். வறண்டு வெடித்த நிலத்தில் வைக்கோலைப் பரப்பி என்ன புண்ணியம்? சேறாக நிற்கும் நிலத்தில் தடிமனாகப் போட்டாலோ தண்டு அழுகும், பூசணம் பிடிக்கும். அந்தப் பெண்ணின் முகம் இயல்பிலேயே எண்ணெய் வழிகிற முகம். கன்னத்தின் மேல்தோல் மட்டும் சோப்பாலும் உப்புத் தண்ணீராலும் காய்ந்து பூத்திருந்தது. அதன்மேல் கெட்டியாக மூடாக்குப் போடச் சொல்லிவிட்டேன். தேங்காயெண்ணெய் பலருடைய முகத்தில் துவாரங்களை அடைக்கும் குணம் உள்ளது. காலுக்கும் கைக்கும் ஒத்துக்கொள்வது முகத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

நம் தோலின் மேல் அடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல், நடுவில் இருக்கிற கொழுப்புதான் சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகப் போய்விடும். சோப்பு அழுக்கோடு சேர்த்து அந்தச் சாந்தையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது. தாவர எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்களில் சில இந்தச் சாந்துக்கு உதவும், சில அதைத் தளர்த்தும். லினோலிக் அமிலம் முதல் வகை. ஒலியிக் அமிலம் அளவுக்கு மேலே போனால் இரண்டாவது வகை.

இதை 2013ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 19 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஆலிவ் எண்ணெயை முழங்கைக்குக் கீழே தினம் இரண்டு வேளை, சில வாரம் தடவியதில் தோலின் தடுப்பு பலவீனமானது, லேசாகச் சிவந்தும் போனது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய கையில் அப்படி ஆகவில்லை. ஆலிவ் எண்ணெயில் ஒலியிக்தான் முக்கால் பங்கு அளவுக்கு. கடையில் சின்னச் சீசாவை ஆயிரக்கணக்கில் விலை போட்டு வைத்திருப்பதைப் பார்த்து நாமே மயங்குகிறோம். முகத்துக்கு அது வேண்டியதில்லை.

அதற்கு முன்பே, 2005இல் பங்களாதேஷின் டாக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், 33 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தொற்றுகிற நோய் 41 சதவீதம் குறைந்தது. தோல் முற்றாத பிள்ளைக்கு எண்ணெய் ஒரு சுவராக நின்றிருக்கிறது. டாக்டர்கள் மேற்பார்வையில் நடந்த காரியம் அது. வீட்டில் குறைமாதப் பிள்ளைக்கு நாமாக எதையும் தடவக்கூடாது.

தேங்காயெண்ணெயை நான் தள்ளிவைக்கவும் இல்லை. 2004இல் பிலிப்பைன்ஸில் தோல் வறட்சி உள்ள 34 பேருக்குக் காலில் தடவிச் சோதித்ததில், மினரல் ஆயிலும் தேங்காயெண்ணெயும் சமமாகவே வேலை செய்தன. மினரல் ஆயில் என்பது கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பது, பல க்ரீம்களிலும் பேபி ஆயில்களிலும் இருப்பது. "அது விஷம், நம்முடையது அமுதம்" என்று நம் மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். சுத்திகரித்த மினரல் ஆயில் தோலுக்கு விஷம் இல்லை. நம் எண்ணெய் அதே வேலையைச் செய்கிறது, அந்தக் காசு நம் ஊரில் ஓர் உழவனுக்கும் செக்குக்காரருக்கும் வருகிறது. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வந்து இறங்கும் காலத்தில் இந்தக் காரணமே போதும். பொய்யைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி.

எள்ளுக்கு வந்து சேர்ந்தேன்

நல்லெண்ணெயில் லினோலிக், ஒலியிக் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி, ஒவ்வொன்றும் 40 சதவீதத்துக்கு அக்கம்பக்கம். அதோடு எள்ளில் இயற்கையாக உள்ள சில பொருட்கள் எண்ணெயைச் சீக்கிரம் காறிப்போகாமல் காக்கின்றன. செவ்வாய், வெள்ளி பெண்களும் சனிக்கிழமை ஆண்களும் தலை முழுகிய வீடுகளில் நல்லெண்ணெயைத் தலையில் வைத்துவிட்டு, கையில் மிச்சம் இருப்பதை முகத்தில் வழித்துக்கொள்வார்கள். அரைமணி ஊறி, வெந்நீர் ஊற்றி, சீயக்காயும் பயத்தமாவும் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். இரவு முழுக்க முகத்தில் வைத்துக்கொண்டு தூங்கியதாக என் அத்தை சொல்லவில்லை. "ஊறவெச்சு எடுத்துடணும்டி, ஊறுகாயா போடறோம்?" என்றுதான் சொல்வார். மாமியார் பேச்சை நான் காதில் வாங்கியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்தக் கதி வந்திருக்காது.

இப்போது நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முறை இதுதான். முகத்தை வெறும் தண்ணீரிலோ பயத்தமாவிலோ கழுவுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் துடைக்காதீர்கள். ஈரம் இருக்கும்போதே மூன்று நான்கு சொட்டு நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, கன்னத்திலும் நெற்றியிலும் ஒற்றுங்கள். சொட்டு என்றால் சொட்டுதான், கரண்டி இல்லை. அரைமணி கழித்து மேலே மிதப்பதை ஈரத்துணியால் ஒற்றிவிடலாம். ரொம்ப வறண்ட முகமாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கலாம். வெயிலில் போகும்போது எண்ணெய் பூசிக்கொண்டு போகாதீர்கள். அது வெயிலைத் தடுக்காது, தூசியைத்தான் பிடித்து வைக்கும்.

முதல் முறை என்றால் முழங்கை மடிப்பில் தடவி மூன்று நாலு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். எள்ளும் கடலையும் சிலருக்கு ஒவ்வாது. பருவு உள்ள முகம், புருவத்திலும் மூக்கோரத்திலும் பொடுகுபோலச் செதில் உரியும் முகம், இவற்றுக்கு எந்த எண்ணெயும் நாங்கள் கொடுப்பதில்லை. பொடுகுக்குக் காரணமான பூசணம் தோலில் உள்ள கொழுப்பைத் தின்றே வாழ்கிறது, அதற்கு நாம் ஏன் பந்தி வைக்க வேண்டும்? "டாக்டரைப் பாரும்மா" என்று அனுப்பிவிடுவோம். வியாபாரம் கெடுகிறது என்று எங்கள் குழுவில் ஒருவருக்கு இன்னும் வருத்தம்.

விளக்கெண்ணெய் கேட்டு வருகிறவர்களும் உண்டு. வரப்பு ஆமணக்கு, மணிலாவுக்கு வரும் புரோடீனியாப் புழுவைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், கடைசியில் முத்தும் கிடைக்கும். அத்தை அதை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் எடுப்பார். உதட்டு வெடிப்புக்கும் குதிகாலுக்கும் அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. முகத்துக்குத் தனியாகப் போட்டால் பிசுபிசுப்பு தாங்காது. நாலு பங்கு நல்லெண்ணெயில் ஒரு பங்கு கலந்தால் சரியாக இருக்கும். இடித்த சக்கையை மட்டும் மாட்டுக்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். அது நஞ்சு, எருவுக்கு மட்டுமே ஆகும்.

வேப்பெண்ணெய் முகத்துக்கு வேண்டாம். பூச்சிக்கு அடிக்க வாங்கி வைத்திருப்பதை, "இயற்கைதானே" என்று எடுத்துப் பூசி முகம் எரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்கு வாய்வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்து வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகள் உண்டு.

களத்திலிருந்து சீசா வரைக்கும்

முகத்தில் பூசும் எண்ணெய் என்று எண்ணத் தொடங்கியதும், நான் களத்தில் செய்த தவறுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

எள்ளை அறுத்துக் கட்டாகக் கட்டி நிறுத்தி, காய்ந்ததும் தலைகீழாகத் தட்டுவோம். முன்பெல்லாம் தார் ரோட்டோரம் விரித்துத் தட்டினேன். தார்த்துகளும் மண்ணும் சேர்ந்து வந்தன. இப்போது தார்ப்பாய் விரித்துத்தான். இரண்டு முறை சலித்து, புடைத்து, நல்ல வெயிலில் காயவைத்து எடுக்கிறோம். ஈரம் இருக்கும் எள்ளை மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும், எண்ணெய் முதல் மாதத்திலேயே காறும். கடலை என்றால் இன்னும் கவனம் வேண்டும், பூஞ்சை பிடித்த ஒரு கைப்பிடிப் பருப்பு மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

தேங்காயெண்ணெய்க்குக் கொப்பரை வெளியிலிருந்து வாங்குகிறோம். பார்வைக்கு வெள்ளைவெளேரென்று இருப்பதை வாங்க வேண்டாம். பூஞ்சை வராமலும் வெளுப்பாகவும் இருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடும் பழக்கம் வியாபாரத்தில் உண்டு. வெயிலில் காய்ந்த கொப்பரை கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும். மோந்து பார்த்தால் தெரியும், கந்தக வாடை மூக்கில் குத்தும்.

அடுத்தது செக்கு. பிள்ளைகளுக்குச் செக்கு என்றால் என்ன என்று காட்ட கிண்டி காந்தி மண்டபத்துக்குத்தான் கூட்டிப் போனேன், சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். இப்போது மோட்டாரில் ஓடும் மரச்செக்கு பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கமெல்லாம் வந்துவிட்டது. இரண்டாவது வருடம் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஆட்டிக்கொண்டு வந்த நல்லெண்ணெயில் லேசாக ஒரு கசப்பு. விசாரித்தால், எனக்கு முன்னால் அதே செக்கில் வேப்பங்கொட்டை ஆட்டியிருக்கிறார்கள். 14 லிட்டரையும் விளக்குக்கு என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து, "அண்ணே, எனக்கு முன்னாடி என்ன ஆட்டினீங்க?" என்று கேட்காமல் மூட்டையை இறக்குவதில்லை. வேம்பு, புங்கன் ஆட்டாத செக்காகப் பார்த்துப் போங்கள்.

எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டினால்தான் எண்ணெய் நன்றாகப் பிரியும். அது பெரும்பாலும் பிண்ணாக்கோடு போய்விடும், கொஞ்சம் மண்டியில் தங்கும். அதனால் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட வேண்டும். மேலே உள்ள தெளிவை மட்டும் வடித்து எடுத்தால் ஆறு மாதம் நன்றாக இருக்கும். அடிமண்டி கலந்தால் அதற்கு முன்னாலேயே சிக்கு வாடை வரும். சிக்கு வாடை வந்த எண்ணெயை முகத்தில் பூசக்கூடாது, வதங்கவைக்கவும் கூடாது. கண்ணாடிச் சீசா, இருட்டான அலமாரி, சின்ன அளவு. முகத்துக்கு வாங்குகிறவர்களுக்கு 100 மில்லிக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக இறங்குகிறவர்கள் கேட்பார்கள். போன பட்டத்தில் முக்கால் ஏக்கரில் எனக்கு 168 கிலோ எள் வந்தது. எள்ளாகவே விற்றிருந்தால் கிலோ 130 ரூபாய்க்கு ஏறக்குறைய 21,800 ரூபாய். ஆட்டியதில் 60 லிட்டர் எண்ணெய். லிட்டர் 450 என்று 27,000 ரூபாய். பிண்ணாக்கில் 3,500 ரூபாய். ஆட்டுக்கூலி, கருப்பட்டி, சீசா, வண்டிக்கூலி போக, எள்ளாக விற்றதைவிடக் கையில் நின்றது நாலாயிரம் ரூபாய் சொச்சம். பெரிய லாபம் இல்லை. ஆனால் பிண்ணாக்கில் பாதி எங்கள் மாட்டுக்கே போகிறது, சாணி திரும்ப நிலத்துக்கு வருகிறது, அந்தக் கணக்கை நான் எழுதுவதில்லை.

இதே எண்ணெயைச் சின்னச் சீசாவில் அடைத்து, "முகப்பொலிவுத் தைலம்" என்று சீட்டு ஒட்டினால் மூன்று மடங்கு விலை போகும் என்று குழுவில் பேச்சு வந்தது. ஒரு தம்பி சீட்டுக்கு மாதிரியும் வரைந்து கொண்டுவந்துவிட்டார். ஒரு பக்கம் கறுப்பு முகம், மறுபக்கம் வெளுத்த முகம், நடுவில் எள் செடி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்த எண்ணெயும் நிறத்தை மாற்றாது. மாற்ற வேண்டிய நிறமும் நம்முடையது இல்லை. வெயிலில் களையெடுக்கும் நாமே அந்தப் படத்தை விற்றால், இத்தனை வருஷம் க்ரீம் கம்பெனிகளைத் திட்டியது எதற்கு? சீட்டைக் கிழிக்கச் சொன்னேன். தம்பி இரண்டு வாரம் பேசவில்லை.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. அழகுப் பொருள் என்று பெயர் போட்டு விற்க, 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டத்தின்படியும் 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படியும் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். தனிக் கட்டடம், தகுதி உள்ள ஆள், சோதனை என்று நிபந்தனைகள் இருக்கின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் செய்யலாம். ஏழு பேர் கடைக்கு அது தாங்காது. நாங்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, சமையல் நல்லெண்ணெய் என்றே விற்கிறோம். ஆட்டிய தேதி, எந்த நிலத்து எள், இரண்டும் சீசாவில் எழுதியிருக்கும். முகத்துக்குப் போடலாமா என்று கேட்கிறவருக்கு வாயால் சொல்கிறோம், முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

அந்தப் பெண் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். டாக்டரம்மா கொடுத்த மருந்தில் பருக்கள் அடங்க நாலு மாதம் பிடித்தது. முகத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த எண்ணெய் இல்லாத க்ரீம்தான் போடுகிறாள். என்னிடம் நல்லெண்ணெய் வாங்குவது அவள் அம்மாவின் முழங்காலுக்கும் இட்லிப் பொடிக்கும். போன வாரம், "அக்கா, இந்த வருஷ எள்ளு எப்பக்கா வரும்?" என்று கேட்டாள். சித்திரை கடைசியில் அறுப்பு, வைகாசியில் எண்ணெய் என்று சொல்லியிருக்கிறேன். சம்பா அறுத்த தாளடியில் ஈரம் இன்னும் இருக்கிறது. மாசி பத்துக்குள் விதைத்துவிட வேண்டும்.